மனஸ்தாபம் இருக்கோ?

1992ஆம் ஆண்டு, உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தபசு காலம். குருநகரில் எங்கள் வளவுக்குள் குண்டுக்குப் பதுங்க இருந்த பங்கரில் தொடங்கி, கோயிலில் சந்தி சிரித்து, அக்காவின் குசினியில் முடிந்த ஒரு விஷயத்தைச் சொல்லப் போகிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். அழுகை அதற்குப் பிறகுதான்.

அக்காவுக்கும் எனக்கும் இரண்டு வயது வித்தியாசம். அப்பா தன் காணியை இரண்டாகப் பிரித்து எங்கள் இருவருக்கும் சீதனமாகத் தந்தார். ஆளுக்கொரு வீடு, இரண்டுக்கும் பொதுவாக ஒரு கிணறு. என் கணவருக்கும் அத்தானுக்கும் கடற்தொழில். எனக்கு மூன்று பிள்ளைகள். அக்காவுக்குக் கல்யாணம் முடிந்து பன்னிரண்டு வருஷமாகியும் பிள்ளை இல்லை. மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்தாள், ஒரு வைத்தியரையும் விடவில்லை. பிறகு அதைப் பற்றிக் கதைப்பதையே நிறுத்திவிட்டாள். என் மூத்தவள் நடை பழகியது அக்காவின் முற்றத்தில்தான். நான் சுகமில்லாமல் கிடந்த மாதங்களில் அவளைக் குளிக்க வார்த்து, சாப்பாடு தீத்தி வளர்த்ததும் அக்காதான். இதை நான் ஏன் இப்போதே சொல்கிறேன் என்பது கொஞ்ச நேரத்தில் விளங்கும்.

குருநகரில் பங்கர் வெட்டுவது லேசான வேலை இல்லை. கடற்கரை மண், இடுப்பளவு தோண்டினாலே தண்ணீர் ஊறிவிடும். அதனால் பாதி நிலத்துக்குக் கீழேயும் பாதி மேலேயுமாகத் தென்னங்குற்றி அடுக்கி, மண் மூட்டை போட்டு, என் கணவரும் அத்தானும் ஒன்றைக் கட்டி முடித்தார்கள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் என்று கட்டியதுதான். ஆனால் குண்டு போட வரும் பொம்பர் விமானத்தின் சத்தம் கேட்டதும் ஒழுங்கையில் பாதிப்பேர் அதற்குள் வந்து விழுவார்கள். ஒருவர் முழங்கால் இன்னொருவர் முதுகில் குத்தும். வேர்வை நாற்றம், மண்ணெண்ணெய் நாற்றம், மூலையில் யாரோ ஒருவரின் ஓயாத இருமல். சவர்க்காரமே கிடைக்காத காலம் அது, ஆளை ஆள் குறை சொல்லவும் முடியாது.

பங்கருக்குள் செபம் சொல்லிக் கொடுக்கிறவள் நான். அந்த வேலையை யாரும் எனக்குத் தரவில்லை, நானாக எடுத்துக்கொண்டது. கோயிலில் முதல் நன்மை வாங்கப் போகும் பிள்ளைகளுக்கு மந்திரங்கள் படிப்பிப்பதும் நான்தான். ஆகவே எனக்கு அந்த உரிமை இருக்கிறது என்று நினைத்தேன்.

மனஸ்தாப மந்திரம் என்று எங்களிடம் ஒரு செபம் உண்டு. செய்த பாவங்களுக்காக மனம் நொந்து, இனிச் செய்யமாட்டேன் என்று கடவுளிடம் சொல்வது. சாகும் நேரத்தில் பக்கத்தில் சுவாமியார் இல்லாவிட்டால், இதை உண்மையான மனத்தோடு சொல்ல வேண்டும் என்று சின்ன வயதிலேயே படித்திருக்கிறோம். அதனால் பொம்பர் மேலே சுற்றத் தொடங்கியதும் எல்லோரும் இதைத்தான் சொல்வோம். செபப் புத்தகத்துக்கு வெளியே மனஸ்தாபம் என்றால் அர்த்தம் வேறு. இரண்டு பேர் முகம் பார்க்காமல் திரிந்தால், அவர்களுக்குள் மனஸ்தாபம் என்போம். ஒரே சொல்தான். இதில் தடுமாற என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

என் குணம் எப்படி என்றால், ஒருவர் செபத்தைப் பிழையாகச் சொன்னால் என்னால் பொறுக்க முடியாது. எங்கள் ஒழுங்கையில் ஒரு பெண் சொற்களில் பாதியை விழுங்கிவிடுவாள். இன்னொருவர் நான் முடிப்பதற்குள் அடுத்த வரிக்கு ஓடிவிடுவார். மேலே பொம்பர் குத்தி எழும்பும் நேரத்தில்கூட நான் நிறுத்தி, திருத்தி, திரும்பவும் சொல்ல வைத்திருக்கிறேன். அது பக்தி என்று அப்போது நினைத்தேன்.

தபசு காலத்தின் முதல் கிழமை ஒரு நாள் காலை, வழக்கம் போல எல்லோரும் பங்கருக்குள் இருந்தோம். என் கடைசிப் பிள்ளைக்கு இரண்டு வயது. இருட்டைக் கண்டதும் அவள் வீரிட்டு அழத் தொடங்கினாள். நான் செபம் சொல்ல, அவள் அழ, சொற்களை விழுங்குகிற பெண் எங்கேயோ தொலைந்து போக, எனக்குத் தலை வெடித்தது. பிள்ளையின் முதுகில் பளாரென்று ஒன்று வைத்தேன்.

அக்கா எட்டிப் பிள்ளையைப் பறித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "பயத்திலை அழுற பிள்ளையை அடிக்கலாமே? உனக்கென்ன விசரே?"

எனக்கு அது பொறுக்கவில்லை. அத்தனை பேருக்கு முன்னால் என்னைக் கேட்டுவிட்டாளே.

"பெத்தவளுக்குத் தெரியும் எப்ப அடிக்கிறது, எப்ப தூக்கிறது எண்டு. நீ உன்ரை அலுவலைப் பார்."

சொல்லி முடிக்கும்போதே தெரிந்தது, சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டேன் என்று. அக்கா பிள்ளையை என் கையில் திருப்பித் தந்துவிட்டுத் தன் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? விட்ட இடத்திலிருந்து செபத்தைத் தொடர்ந்தேன். அக்காவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய வாயால் மனஸ்தாப மந்திரத்தின் மிச்ச வரிகளை ஒரு சொல் பிசகாமல் சொல்லி முடித்தேன்.

அடுத்த முறை பொம்பர் வந்தபோது அக்கா பங்கருக்கு வரவில்லை. சந்தைக்குப் போயிருப்பாள் என்று நினைத்தேன். அதற்கடுத்த முறையும் வரவில்லை. மூன்றாவது முறை பங்கர் வாசலால் எட்டிப் பார்த்தால், அவள் தன் குசினி வாசலில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறாள். மேலே விமானம் சுற்றுகிறது. இவள் பாட்டுக்குத் துருவுகிறாள்.

எனக்குக் கவலை வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். வேண்டுமென்றே செய்கிறாள், செத்தாலும் பழியை என் தலையில் போட்டுவிட்டுச் சாகப் பார்க்கிறாள் என்று பொருமினேன். ஒரு வார்த்தைக்கு இவ்வளவு தலைக்கனமா? ஒழுங்கையில் எல்லோரும் என்னைப் பார்ப்பதும், பிறகு அக்காவின் குசினியைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். என் கணவர் போய்க் கூப்பிட்டுப் பார்த்தார். அத்தான் பகலில் கடற்கரை வாடியில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருப்பார். அவர் வீட்டுக்கு வரும் நேரமெல்லாம் மன்றாடிப் பார்த்தார். நான் மூத்தவளை அனுப்பினேன். பெரியம்மாவை அம்மா வரட்டாம் என்று அவள் போய்ச் சொல்ல, அக்கா அவள் கையில் ஒரு பனங்கட்டித் துண்டைக் கொடுத்து, கெதியாகப் பங்கருக்குப் போ என்று திருப்பி அனுப்பிவிட்டாள். பிள்ளை பனங்கட்டியைச் சூப்பிக்கொண்டு வந்து நின்றபோது எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது.

நான் மட்டும் போய்க் கேட்கவில்லை. போக வேண்டும் என்று தோன்றாமல் இல்லை. ஆனால் கால் எழும்பவில்லை.

இப்படியே மூன்று கிழமை போயிற்று. ஒவ்வொரு முறையும் பங்கருக்குள் நான் செபத்தைச் சொல்வேன், காது அக்காவின் குசினிப் பக்கம் இருக்கும். ஏதாவது விழுகிற சத்தம் கேட்டால் பாதி வரியில் நின்றுவிடுவேன். வெளியே வந்து அவளுடைய குசினியில் புகை வருகிறதா என்று பார்ப்பேன். புகையைக் கண்டதும் திரும்பவும் எரிச்சல் வந்துவிடும்.

தபசு காலத்தில் சுவாமியிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். எங்கள் பங்குச் சுவாமிக்கு உதவியாக வேறு பங்கிலிருந்து வயதான சுவாமி ஒருவர் சைக்கிளில் வந்து தங்கியிருந்து பாவசங்கீர்த்தனம் கேட்டார். அவருக்கு ஒரு காது கேளாது. பாவசங்கீர்த்தனத் தொட்டி என்கிற அந்தக் கூண்டில் அவர் இருந்த விதத்தில், அந்தக் கேளாத காதுதான் பெண்கள் முழங்காலில் நிற்கும் பக்கம் இருந்தது. சுவாமியிடம் திரும்பி இருங்கள் என்று யார் சொல்வது?

என்னிடம் வழக்கமான பட்டியல் இருந்தது. பொய் சொன்னது, பிள்ளைகளை ஏசியது, பூசையில் பராக்காக இருந்தது. அக்காவின் விஷயத்தை அதில் சேர்க்கவில்லை. அது அவளுடைய பிடிவாதம், என் பாவம் இல்லை என்று தீர்மானித்திருந்தேன். பட்டியலைச் சொல்லி முடித்தேன். சுவாமி தலையை ஆட்டிவிட்டுக் கேட்டார்.

"மனஸ்தாபம் இருக்கோ பிள்ளை?"

யாரோ முந்திக்கொண்டு அக்காவின் விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். எனக்கு முன்னால் போன பெண்ணாகத்தான் இருக்கும், அவள் பங்கருக்குள் எங்களுக்குப் பக்கத்தில் இருந்தவள். சொல்லட்டும், என் பக்க நியாயத்தையும் சுவாமி கேட்கட்டும் என்று எனக்குச் சூடேறிவிட்டது.

"இருக்குது சுவாமி. ஆனா அதிலை என்ரை பிழை ஒண்டும் இல்லை. அவதான் தலைக்கனத்திலை நிக்கிறா."

"ஆர்?"

"என்ரை அக்கா."

கேட்கவில்லை என்று காதைத் திருப்பினார். நான் சத்தமாகத் திரும்பச் சொன்னேன்.

"பிள்ளை, உம்மடை பாவங்களுக்கு மனஸ்தாபப்படுறீரோ எண்டெல்லோ நான் கேட்டது."

பின்னால் வரிசையில் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. பிறகு அடக்க முடியாமல் போனதும் கேட்டது. அந்தச் சொல்லுக்கு இதுதான் அர்த்தம் என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு விளக்கிக் கொடுக்கிறவள் நான். பாவசங்கீர்த்தனத்தில் எல்லோரிடமும் கேட்கிற கேள்வி அது, எத்தனையோ முறை பதில் சொல்லியிருக்கிறேன். என் மண்டைக்குள் அக்காவைத் தவிர வேறொன்றும் இல்லாததால், அந்தச் சொல்லைக் கேட்டதும் அவள்தான் வந்து நின்றிருக்கிறாள்.

சுவாமி விடவில்லை. நடந்ததைச் சொல்லச் சொன்னார். மெதுவாகச் சொன்னால் அவருக்குக் கேட்காது, சத்தமாகச் சொன்னால் கோயிலுக்கே கேட்கும். நான் சொல்லிய அந்த வார்த்தை வந்த இடத்தில் மட்டும் குரலைத் தாழ்த்தினேன். அவர் அதைத்தான் இரண்டு முறை திருப்பிச் சொல்ல வைத்தார். என் வாயால் சொன்னதை நானே முழுதாகக் கேட்டது அப்போதுதான்.

"அப்ப உம்மட்டை ஒரு மனஸ்தாபம் இருக்கு. நான் கேட்டது இல்லை, மற்றது இருக்கு" என்றார். பிறகு கோபமே இல்லாமல், "போய் அக்காவோடை கதைச்சுப்போட்டு வாரும். நாளைக்கு மத்தியானம் மட்டும் நான் இஞ்சைதான் இருப்பன்" என்றார்.

அவ்வளவுதான். பாவமன்னிப்புத் தராமலே அனுப்பிவிட்டார். மற்றவர்கள் தொட்டியை விட்டு எழும்பிப் பீடத்துக்கு முன்னால் போய் அபராதச் செபம் சொல்ல, நான் மட்டும் நேரே வாசலால் வெளியே நடந்தேன். இதன் அர்த்தம் என்ன என்று வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும்.

அதே சூட்டோடு அக்காவிடம் போனேன். அவள் கிணற்றடியில் சூடை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். மூன்று கிழமைக்குப் பிறகு அவளிடம் நான் கதைத்த முதல் வசனம் இதுதான்: "சுவாமி உன்னட்டை மன்னிப்புக் கேக்கச் சொன்னவர். கேக்கிறன். நாளையிலையிருந்து பங்கருக்கு வா."

அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சுவாமி கேட்டதெண்டால் சுவாமிக்கு மன்னிப்பு. நீ கேக்கேக்கை பாப்பம்" என்று சொல்லிவிட்டு அடுத்த மீனை எடுத்தாள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் ஒரு பாட்டம் கொட்டினேன். அவர் சிரித்துவிட்டார். சரியாகத்தானே சொல்லியிருக்கிறா என்றார். அன்றைக்கு அவருக்குத் தேத்தண்ணீர் கிடைக்கவில்லை.

அடுத்த நாள் காலை நான் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தபோது பொம்பர் சத்தம் கேட்டது. என் கணவர் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் போனதைக் கண்டேன். நானும் ஓடினேன். ஓடும் வழியில் அக்காவின் குசினி. உள்ளே அவள் ஊதுகுழலால் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கணத்தில் எனக்குச் சுவாமியும் நினைவில்லை, பாவமும் நினைவில்லை. இவளை இழுத்துக்கொண்டு போய்ப் பங்கருக்குள் தள்ளினால்தான் என் ஆத்திரம் அடங்கும் என்று இருந்தது. உள்ளே போய் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். நாற்பதை நெருங்கும் இரண்டு பெண்கள், மேலே விமானம் சுற்ற, சின்னப் பிள்ளைகளைப் போல இழுபறிப்பட்டோம். விடு என்று அவள் கத்த, வா என்று நான் கத்த, கடற்கரைப் பக்கம் முதலாவது குண்டு விழுந்தது.

நிலம் ஒரு முறை தூக்கிப் போட்டது. கூரையிலிருந்து ஓடுகள் சரிந்தன. இருவரும் குசினி மூலையில், அம்மிக்குப் பக்கத்தில் குப்புற விழுந்து கிடந்தோம். பழக்கதோஷம், என் வாய் தன்பாட்டில் மனஸ்தாப மந்திரத்தைத் தொடங்கியது.

"நிப்பாட்டு" என்றாள் அக்கா.

நான் அவளைப் பார்த்தேன். அவள் முகமெல்லாம் தூசி. நான் நினைத்த கோபம் அதில் இல்லை.

"இந்தச் செபத்தாலைதான் நான் அங்கை வாறேல்லை. உன்ரை வாயாலை இதைக் கேட்டுக்கொண்டு சாக எனக்கு ஏலாது."

மூன்று கிழமையாக அதைத் தலைக்கனம் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். சுவாமியிடமும் சொன்னேன். அவள் என்னைப் பழிவாங்கவில்லை. என் செபத்தைக் காது கொடுத்துக் கேட்க முடியாமல், அதைவிட வெளியில் இருந்து சாவது மேல் என்று நினைத்திருக்கிறாள். கடவுளுக்கு முன்னால் நான் இவ்வளவு நாளும் என்னத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன்?

"நான் சொன்னது பிழை அக்கா. அது பிழை எண்டு அண்டைக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் மிச்சச் செபத்தைச் சொன்னனான்."

விக்கி விக்கி அழுதேன். இரண்டாவது குண்டு விழுந்தது. அக்கா என் பிடரியில் கை வைத்து என் தலையை நிலத்தோடு அமத்திப் பிடித்துக்கொண்டாள். கட்டிப்பிடிக்கவில்லை. மன்னித்தேன் என்று சொல்லவும் இல்லை. சத்தம் அடங்கும் வரைக்கும் அந்தக் கை என் பிடரியில் இருந்தது. பிறகு எழும்பி, ஓட்டுத் துண்டும் கரியும் விழுந்து கிடந்த சட்டியைப் பார்த்து, கறி முழுக்கப் போச்சு என்று என்னை ஏசத் தொடங்கினாள்.

நல்ல காலம், அன்று எங்கள் ஒழுங்கையில் யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. பங்கருக்குள் என்னைக் காணாமல் என் கணவர் பட்ட பாட்டுக்கு நானும் நன்றாக வாங்கிக் கட்டினேன்.

மத்தியானம் ஆவதற்குள் கோயிலுக்கு ஓடினேன். குண்டு அதிர்ச்சியில் தொட்டிக்குள் சாந்து உதிர்ந்து கிடந்ததால் சுவாமி வெளியே ஒரு நீள வாங்குப் பலகையில் இருந்தார். வரிசையும் இல்லை, ஆட்களும் இல்லை. இந்த முறை நல்ல காதின் பக்கம் முழங்காலில் நின்றேன். பட்டியல் எதுவும் வரவில்லை. அக்காவுக்குச் சொன்னதை மட்டும் சொன்னேன். அவர் திரும்பவும் அதே கேள்வியைக் கேட்டார். எனக்கு அழுகைதான் வந்தது.

மனஸ்தாப மந்திரத்தைச் சொல்லும் என்றார். தொடங்கினேன். மூன்றாவது வரியில் மறந்துவிட்டது. எவ்வளவு யோசித்தும் அடுத்த சொல் வரவில்லை. எத்தனை பிள்ளைகளை இதே வரிக்காக நான் எழுப்பி நிற்க வைத்திருக்கிறேன். சுவாமியிடம் சொல்லித் தரும்படி கேட்டேன். அவர் ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல, நானும் ஒவ்வொரு சொல்லாகப் பின்னால் சொன்னேன். அப்படி மெதுவாகச் சொல்லும்போதுதான் அந்தச் சொற்கள் எவ்வளவு பாரம் என்று தெரிந்தது.

பாவமன்னிப்புத் தந்தார். அபராதமாகப் பத்துச் செபமாலை தருவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தந்தது வேறு. பெரிய வெள்ளி வரைக்கும் பங்கருக்குள் வேறு யாராவது செபத்தைச் சொல்ல வேண்டும், நான் பின்னால் மட்டும் சொல்ல வேண்டும், யாரையும் திருத்தக்கூடாது.

அந்தப் பொறுப்பு யாரிடம் போனது என்று கேளுங்கள். சொற்களில் பாதியை விழுங்குகிற அந்தப் பெண்ணிடம். இரண்டு நாள் கழித்துப் பொம்பர் வந்தபோது அவள் தன் விருப்பத்துக்கு விழுங்கி விழுங்கிச் சொன்னாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் பின்னால் சொன்னேன். ஒரு வரி முழுதாகத் தவறிப் போனது. வாய் திறக்கவில்லை.

செபத்தின் நடுவில் வாசலை மறைத்துக்கொண்டு யாரோ இறங்கினார்கள். அக்கா. என்னிடம் வரவில்லை. எல்லோருக்கும் கடைசியில், வாசலோடு ஒட்டி இருந்தாள். என் கடைசி தவழ்ந்து போய் அவள் மடியில் ஏறிக்கொண்டது. அக்கா அந்தப் பிழையான செபத்தை எல்லோரோடும் சேர்ந்து சொல்வது எனக்குக் கேட்டது. நான் என் குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நாங்கள் கதைத்தோம், சண்டை பிடித்தோம், இடம்பெயர்ந்து அலைந்தோம், திரும்பி வந்தோம். பிள்ளைகளின் கல்யாணங்களில் என்னோடு சபையில் நின்றவளும் அக்காதான். ஆனால் அந்த வார்த்தையைப் பற்றி அவள் ஒரு நாளும் கதைத்ததில்லை. கடவுள் மன்னித்துவிட்டார் என்று சுவாமி சொன்னதும் நான் அந்த நிமிஷமே நம்பினேன். அக்கா மன்னித்தாளா என்று அவளிடம் கேட்க எனக்கு இன்றுவரை துணிவு வரவில்லை. கோயிலில் அந்தச் செபம் தொடங்கும்போதெல்லாம், கடவுளுக்குக் கேட்பதற்கு முன் அது பக்கத்தில் நிற்கிறவருக்குக் கேட்கிறதே என்ற பயத்தோடுதான் நான் இப்போதும் வாய் திறக்கிறேன்.